கேட்பதற்கு முன்னால் வந்த பதில்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அதில் இருந்த அம்மாள் முன்னாளில் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர். சிவகாமசுந்தரி என்று பெயர் இருந்தும், ஊரார் அவரைச் 'சந்தேகத்தம்மா' என்றுதான் சொல்வார்கள். காலில் விழுந்து கும்பிட்டவனைக் கூட, இவன் எதற்கு இவ்வளவு நேரம் கும்பிடுகிறான் என்று பார்ப்பார்.

அவருக்கு ஒரே சீடர், வைத்திலிங்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குருவைவிட வயதில் மூத்தவர். ஞானம் தேடித்தான் வந்தார். ஆனால் பாடம் நடத்துகிற பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை.

ஒருநாள் பேச்சியம்மாள் என்பவள் தன் மருமகள் தமயந்தியை ஆட்டோவில் அழைத்து வந்தாள். தமயந்திக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. இந்த முறையும் ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை.

"பெரியாஸ்பத்திரில மனசு டாக்டரைப் போய்ப் பாக்கச் சொல்லுதாவ. எம் மருமவ என்ன கிறுக்கியா? நீங்க திருநாறு போட்டு விடுங்கம்மா, போதும்" என்றாள் பேச்சியம்மாள்.

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்திரை குடுக்கியளா?"

"வேளாவேளைக்குக் குடுக்கேன்."

"அவ முழுங்குதாளா?"

பேச்சியம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் இருவரையும் ஆசிரமத்திலேயே தங்கச் சொன்னார் அம்மாள். காலையும் மாலையும் தானே பிரஷர் பார்த்தார், மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நின்றார். "நான் அந்தப் பெண்ணிடம் பேசிப் பார்க்கட்டுமா?" என்று வைத்திலிங்கம் கேட்டார். குரு அவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சில நாட்களில் வைத்திலிங்கம் பூரித்துப்போய் வந்தார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பெண் தேறிவிட்டாள்."

"எப்படிச் சொல்லுதிய?"

"முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு உள்ளே போய், எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள், நல்லா இருக்கேன் சார் என்றாள்."

"கேக்கதுக்கு முன்னாலயா?"

"ஆமாம்."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட என்ன பேசினிய?"

"நல்லதைத்தான் பேசினேன். தாய் அழுதால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கேட்கும், எப்போதும் சிரித்த முகமாக இரு என்றேன்."

குரு எழுந்து தமயந்தியின் அறைக்கு நடந்தார். வைத்திலிங்கமும் பின்னால் போனார். பாடத்தில் எங்கே தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை.

தமயந்தி அவர்களைப் பார்த்ததும் சிரித்தாள். "நல்லா இருக்கேம்மா."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

தமயந்தி சிரிப்பை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

குரு அவளருகே தரையில் உட்கார்ந்தார். "இந்தப் பிள்ளை வேண்டாம்னு தோணுதா?"

"என்ன கேள்வி கேக்கிய!" என்று பேச்சியம்மாள் பதறி எழுந்தாள். "வயித்துப் பிள்ளக்காரிகிட்ட கேக்கக்கூடிய கேள்வியா இது?"

குரு அவள் பக்கம் திரும்பவில்லை.

"வேண்டாம்னு இல்லம்மா" என்றாள் தமயந்தி. "போறதா இருந்தா இப்பமே போயிரட்டும்னு தோணுது. அதோட நானும் போயிரணும்." அதற்கு மேல் அவளால் சிரிக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

குரு அவளை அழாதே என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை. பக்கத்திலேயே இருந்தார்.

பேச்சியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "ஏட்டி, இதை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா கிறுக்கிம்பிய."

அழுகை அடங்கியதும் குரு ஆட்டோவை வரச் சொன்னார். அன்றைக்கே தமயந்தியை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிறகு வாராவாரம் போனார்கள். முதல் சில வாரம் பேச்சியம்மாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டாக்டர் அவளையும் உள்ளே கூப்பிட்டார்.

பிள்ளை நாள் கணக்கு முடியும் முன்பே பிறந்தது. எடை குறைவு. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பிழைக்கும் என்று உறுதியானதும் கையில் கொடுத்தார்கள். தமயந்தி இப்போதும் டாக்டரிடம் போய் வருகிறாள்.

பிள்ளை பிழைத்த சேதி கேட்ட அன்று வைத்திலிங்கம் குருவிடம் வந்தார். மனதில் இருந்த சந்தேகம் அவரை விடவில்லை.

"அன்றைக்கு அவளை அப்படி அழவைத்தீர்களே அம்மா. வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்குக் கேட்டிருக்காதா?"

"கேட்டிருக்கும்."

"தெரிந்துமா?"

"அவ தினமும் அழுதுகிட்டுத்தான் இருந்தா, ஐயா. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."