கழுவக்கூடாத நாள்

காலை ஏழு மணி. முப்பத்தொரு குஞ்சுகள் செத்திருந்தன. அவற்றை மூங்கில் கூடையில் போட்டுக்கொண்டு வந்தவர் பெயர் நாச்சிமுத்து.

வண்டியின் பின்னால் குஞ்சு பொரிக்கும் பெட்டியும் கட்டியிருந்தது. தெர்மாகோல் பெட்டி, உள்ளே பல்பு, கம்பி வலை, சின்ன விசிறி. இரண்டையும் ரங்கநாயகியின் வாசலில் இறக்கிவைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பது சரி.

ரங்கநாயகிக்கு நாற்பது வயது. வீட்டிலேயே முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் கற்றவர்களில் நாச்சிமுத்து ஒருவர்தான் அவரைவிட இருபது வயது மூத்தவர்.

"பாருங்க அம்மிணி. நல்லாப் பாருங்க. நீங்க சொல்லிக்குடுத்த லட்சணம் இது."

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"பொரிச்சு மூணு நாள்ல ஒண்ணு பாக்கியில்லாமச் செத்துப்போச்சு. சூடு நீங்க சொன்ன சூடு. தண்ணி நீங்க சொன்ன தண்ணி. பெட்டி நீங்க கைகாட்டுன பெட்டி. இனி நான் யாரப் போய்க் கேக்கறது?"

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பருந்து இறங்கினால் எதிர்த்துப் பறக்கும் கருங்கோழிகள் அவருடையவை. இருபது வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வகை. இரண்டு நாளைக்கு முன்னால் தெருநாய்கள் கொட்டகைக்குள் புகுந்தன. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மிஞ்சியவை பெட்டியில் இருந்த குஞ்சுகளும், சமையலறையில் எடுத்துவைத்திருந்த ஒன்பது முட்டைகளும். இப்போது ஒன்பது முட்டைகள் மட்டும்.

ரங்கநாயகி ஒரு குஞ்சை எடுத்துத் திருப்பினார். வயிறு உப்பி, தொப்புள் கறுத்திருந்தது. மோந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். வலையில் ரோமமும் ஓட்டுத் துணுக்கும் மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருந்தன.

"ரெண்டு தடவ பொரிச்ச அழுக்கு இருக்குது. மொதத் தடவைக்கு அப்பறம் கழுவலீங்களா?"

"தொடச்சேன்."

"கழுவுனீங்களான்னு கேட்டேன்."

"எப்படிக் கழுவறது? மொதல்ல பொரிச்சது சந்தை முட்டை. அந்தக் குஞ்சுகள என்ற மகதான் திருப்பூருக்குக் கொண்டுபோனா. அவ அந்தப் பக்கம் பஸ் ஏறுறா, நான் இந்தப் பக்கம் சோப்புத் தண்ணி ஊத்தறதா? பொணம் எடுத்த வீட்டுலதான் போன ஒடனே கழுவுவாங்க. என்ற மக உசுரோட இருக்கறா!"

"அடுத்த நாள் கழுவியிருக்கலாமுங்களே."

"அன்னிக்கே என்ற கோழி முட்டைய உள்ள வெச்சுட்டேன். வெச்ச பின்னால எப்படிக் கழுவறது?"

"கழுவாம வெச்சீங்க."

"ஊரே பாக்கற சாத்திரத்த நான் மட்டும் விட்டுட முடியுமா? குத்தத்த எம்மேல திருப்பாதீங்க!"

ரங்கநாயகி உள்ளே போனார். ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினார்.

நாச்சிமுத்து வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார். விளிம்பில் வெற்றிலைச் சிவப்பு இருந்தது.

"இது யாரு குடிச்ச டம்ளரு?"

"எங்க சித்தப்பா. இப்பத்தான் கெளம்பிப் போனாருங்க."

"எச்சில் டம்ளர்ல எனக்கு மோரா?" நாச்சிமுத்துவின் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "வயசுல மூத்தவன் நான். வீடு தேடி வந்தவனுக்கு இதுதான் மரியாதையா?"

"சித்தப்பா இன்னும் ஊரு போய்ச் சேரலைங்களே. அதுக்குள்ள எப்படிக் கழுவறது? தொடச்சுட்டுத்தான் ஊத்துனேன்."

நாச்சிமுத்து டம்ளரைப் படியில் வைத்தார். பாதி மோர் சிந்தியது.

"ஆரு வேணாலும் குடிக்கட்டும். எனக்கு வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வாயிருக்குதுங்கண்ணா. முட்டைக்குள்ள இருந்ததுக்கு?"

நாச்சிமுத்து கூடையைப் பார்த்தார். ஈக்கள் வந்திருந்தன. கையால் ஓட்டினார். மறுபடியும் வந்தன. எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

நாச்சிமுத்து தோள்துண்டால் கூடையை மூடினார். குரல் இறங்கியிருந்தது.

"ஒம்பது முட்டை இருக்குது. உங்க பெட்டியில வெச்சுக் குடுங்க."

"மாட்டேன்."

"அதுதான் கடைசி, அம்மிணி."

"தெரியுமுங்க. உங்க பெட்டியிலயே வையுங்க. வலையக் கழட்டி சோப்புப் போட்டுத் தேயுங்க. ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணி ஊத்தி, நல்ல தண்ணில அலசி, வெயில்ல காயப்போடுங்க. வாசம் போன பின்னால முட்டை."

"எப்பக் கழுவறது? அதையும் நீங்களே நாள் பாத்துச் சொல்லீருங்க!" பழைய கோபத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சமிருந்தது.

ரங்கநாயகி கூடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பொணம் போன ஒடனே கழுவலாம்னு நீங்கதான சொன்னீங்க. மம்பட்டி பின்னாடி இருக்குது. பொதைச்சுட்டு வாங்க, கழுவலாம்."

நாச்சிமுத்து கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது முட்டைகளில் ஆறு பொரிந்தன. குஞ்சுகளைப் பார்க்க வந்த மகள் மறுநாள் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் திருப்பூருக்குக் கிளம்பினாள். எட்டரை மணிக்குப் பெட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.