வைரவன் கல்யாணப் பத்திரிகையும் நாற்பத்தொரு லைப்ரரியும்

மூளையைப் பங்கு வைத்த அன்று வெளியூர் போயிருந்தவர்கள் என்று சிலரைச் சொல்வார்கள். முத்துப்பல்லக்கு அச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த நாலு பேரும் அன்று ஊரில்தான் இருந்தார்கள். வரிசையில்கூட நின்றார்கள். கூட்டமாக இருக்கிறதே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்கள்.

அந்த நாலு பேரில் தலைவன் வைரவன். வயது முப்பத்தெட்டு. பதினேழு வீட்டில் பெண் பார்த்து, பதினேழு வீட்டுக் கேசரியும் தின்று, பதினெட்டாவது வீட்டில் உமையாள் என்ற பெண்ணுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஏன் பிடித்தது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கவில்லை. பெண்ணின் அப்பா வள்ளியப்பனுக்கு ஜோசியர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்தார். பத்துக்குப் பத்து என்று வந்தது. கம்ப்யூட்டர் சொன்ன பிறகு அவருக்கு மறுபேச்சு இல்லை. மாப்பிள்ளையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் நேரம் தவறுவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே அச்சகத்துக்கு வர்றேன். பத்திரிகை கைக்கு வந்தாகணும் மாப்பிள்ளை. வரலேன்னா சம்பந்தமும் இல்லே" என்று சொல்லியிருந்தார். மூத்த மகளுக்குப் பார்த்த முதல் இடம், மாப்பிள்ளை வீட்டுக் காப்பி பத்து நிமிடம் தாமதமானதில் முறிந்தது. வைரவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பத்தொன்பதாவது வீடு என்று ஒன்று ஜில்லாவிலேயே மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பத்திரிகை வடிவமைக்கும் புரோகிராமைத் திறந்தான். அது திறக்கவில்லை. 'ஆறாம் எண் லைப்ரரி கிடைக்கவில்லை' என்று மட்டும் திரையில் வந்தது.

"யாருடா இதைத் தொட்டது?" என்றான்.

"நானா எதையும் தொடலைண்ணே" என்றான் பெரிச்சியப்பன். "புதுப்பிக்கட்டுமா, புதுப்பிக்கட்டுமான்னு ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவு மரியாதையாக் கேக்குறப்ப மாட்டேன்னு எப்படிண்ணே சொல்றது? நேத்து சரின்னுட்டேன்."

அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கும் இடம் அல்ல. தெருவே இரவல் வாங்கிப் புழங்கும் பெரிய அண்டா மாதிரி, பல புரோகிராம்களுக்கும் பொதுவான ஒரு சாமான். புதுப்பித்தபோது ஆறாம் எண் அண்டாவை எடுத்துவிட்டு ஏழாம் எண்ணை வைத்துவிட்டது. புரோகிராம்கள் இன்னும் ஆறையே கேட்டுக்கொண்டிருந்தன. இப்படி இன்னும் எத்தனை அண்டா மாறிப்போனதோ, யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த மதுரை பூமிநாதனுக்கு வைரவன் போன் போட்டான். அவர் இருமுடியோடு சபரிமலை ஏறிக்கொண்டிருந்தார்.

"நான் எழுதி வச்ச சோதனை புரோகிராமை ஓட்டுங்க" என்று மூச்சு வாங்கினார். "எந்தெந்த லைப்ரரி இல்லேன்னு பட்டியல் போடும். 'கிடைக்கவில்லை'ன்னு ஒரு வரி இருக்கிற வரைக்கும் எதையும் அச்சடிக்காதீங்க. பட்டியல் சுத்தமாகணும். அதுக்கு முதல்ல..."

சிக்னல் போய்விட்டது. அந்த 'முதல்ல'வுக்கு அப்புறம் வரவேண்டியதுதான் வைத்தியம். நாலு மேதைகளுக்கும் அது தேவைப்படவில்லை.

சோதனையை ஓட்டினார்கள். நாற்பத்தொரு வரி வந்தது.

பெரிச்சியப்பன் பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் பளிச்சென்று வெள்ளையாகக் கொண்டுவந்தான். "சுத்தமாயிருச்சுண்ணே" என்றான். இரண்டு புட்டி வைட்னர் தீர்ந்திருந்தது. வைரவன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். மறுபடி ஓட்டினால் அதே நாற்பத்தொன்று.

சோலையப்பன் கொஞ்சம் ஆழமாக யோசிக்கிறவன். "அண்ணே, இந்த லைப்ரரி எல்லாம் இல்லேன்னு யாரு குறை சொல்றா?"

"புரோகிராமுங்கதான்."

"குறை சொல்ற ஆளே இல்லேன்னா?"

வைரவன் நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டான். பிறகு சோலையப்பன் குறை சொன்ன புரோகிராம்களை ஒவ்வொன்றாக அழித்தான். கடிகாரம் போனது, கணக்குப்பொறி போனது, பாட்டுப் பெட்டி போனது. பட்டியல் பன்னிரண்டு வரியாகச் சுருங்கியது. அதற்கு மேல் அழிக்கக் கம்ப்யூட்டர் விடவில்லை.

"ஒண்ணு மட்டும் ரொம்பக் கத்துச்சுண்ணே. பதினோரு வரி. அதை முதல்லயே தூக்கிட்டேன்."

"எதுடா அது?"

"பேரைப் பாக்கலைண்ணே. கோவத்துல இருந்தேன்."

மிச்சம் பன்னிரண்டையும் நாலாவது ஆளான அடைக்கலம் பார்த்துக்கொண்டான். இல்லை என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு லைப்ரரியின் பெயரிலும் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி வைத்தான். சோதனை புரோகிராம் வரிசையாக 'கிடைத்தது' என்றது.

"உள்ள என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்லைண்ணே. பேரு இருக்கான்னு மட்டும்தான் அது பாக்குது."

வைரவன் யோசித்தான். அவன் அந்தப் பிரிவுக்குத் தலைவனாக இருப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். சரி என்று தலையாட்டினான்.

மணி மூன்று. பட்டியல் சுத்தம். டீ குடித்துவிட்டு வந்து பத்திரிகை புரோகிராமைத் தேடினால், அதைக் காணவில்லை. பதினோரு வரி கத்தியது அதுதான்.

வைரவன் நாற்காலியில் சரிந்தான். தினமும் மத்தியானம் உமையாள் போன் பண்ணி "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அவன் ஆயுசில் வேறு எந்தப் பெண்ணும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. அதை நினைத்து நிஜமாகவே அழுதான்.

"அழாதீங்கண்ணே" என்றான் சோலையப்பன். "இப்ப இதுல உயிரோட இருக்குற புரோகிராம் எது?"

"சோதனை புரோகிராம் ஒண்ணுதான். மத்த எதுவும் திறக்கலை" என்றான் வைரவன்.

"அது பேப்பர்ல அடிக்குமா?"

"அடிக்கும்."

"அப்ப அதுலயே பத்திரிகையை அடிப்போம்."

பத்திரிகை வாசகத்தை லைப்ரரிப் பெயர்கள் போல ஒவ்வொரு வரியாக அதில் ஏற்றினார்கள். அது கடமை தவறாமல் சோதித்துப் பதில் போட்டது. 'மணமகன் வைரவன் - கிடைக்கவில்லை. மணமகள் உமையாள் - கிடைக்கவில்லை. முகூர்த்தம் காலை ஒன்பது மணி - கிடைக்கவில்லை.'

"அடிச்சிடலாமாண்ணே?" என்றான் பெரிச்சியப்பன்.

"பூமிநாதன் என்ன சொன்னாரு? கிடைக்கவில்லைன்னு ஒரு வரி இருந்தாலும் அடிக்கக் கூடாது" என்றான் வைரவன். அவன் சொல் பேச்சு கேட்கிறவன்.

அடைக்கலம் மறுபடி உட்கார்ந்தான். வைரவன் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு, உமையாள் பெயரில் ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு ஒன்று. எல்லாம் கிடைத்துவிட்டன. ஒரே ஒரு வரி பாக்கி. 'தங்கள் நல்வரவை விரும்பும் வள்ளியப்பன் - கிடைக்கவில்லை.'

"இதையும் முடிடா."

"அவருதான் அஞ்சு மணிக்கு நேர்லயே வர்றாரேண்ணே. ஆளே வர்றப்ப வெத்துக் கோப்பு எதுக்கு? வந்ததும் தானாக் கிடைச்சிரும்."

நியாயமாகப் பட்டது. நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

சரியாக ஐந்து மணிக்கு வள்ளியப்பன் படியேறி வந்தார். "மாப்பிள்ளை, பத்திரிகை எங்கே?"

"ஒரே நிமிஷம் மாமா. நீங்க வந்துட்டீங்கள்ல, இப்பக் கிடைச்சிரும்" என்று வைரவன் சோதனையை ஓட்டினான்.

'வள்ளியப்பன் - கிடைக்கவில்லை.'

இன்னொரு தரம் ஓட்டினான். கிடைக்கவில்லை. அவரைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நகர்த்தி நிறுத்தி, மூன்றாம் தரமும் ஓட்டினான். கிடைக்கவில்லை. நாலு பேரும் மெல்லத் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஐயா," என்றான் வைரவன் ஜாக்கிரதையாக, "நீங்க யாரு?"

"நானா? வள்ளியப்பன்."

"கம்ப்யூட்டர் இல்லேங்குதுங்களே."

வள்ளியப்பனுக்கு முகம் மாறியது. "கம்ப்யூட்டரா சொல்லுது?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அசல் மாமா இப்ப வந்துருவாரு. அதுவரைக்கும் இருங்க, டீ சொல்றேன்" என்றான் வைரவன்.

டீ வந்தது. ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரையும் ஆயிற்று. வள்ளியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், எரிச்சலோடு எழுந்து வந்து வைரவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, யாரோ எவரோ, எனக்கு ஏன் வம்பு. இருந்தாலும் மனசு கேக்கலை, சொல்லிடுறேன். கல்யாணப் பத்திரிகை வாங்கவே அரை மணி நேரம் லேட்டா வர்ற மனுஷன்கிட்ட பொண்ணு எடுக்கணுமான்னு நல்லா யோசிச்சுக்குங்க."