மூன்று டப்பாவுக்கும் பொட்டு

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் மிஷின்களுக்கு எண்ணெய் விடுவது துளசிமணியின் வேலை. புதிதாக வந்த மேனேஜர் பத்மநாபன் அவள் மிஷினுக்குத் தகுந்தபடி மூன்று டப்பாக்களில் தனித்தனி எண்ணெய் வைத்திருப்பதைப் பார்த்துக் கொதித்தார்.

“மூணு எதுக்கு? எண்ணெய்னா எண்ணெய்தான்! நாளைக்கு ஆயுத பூஜை முடிஞ்சதும் எல்லா மிஷினுக்கும் கெட்டியான கியர் ஆயிலையே ஊத்து. முடியாதுன்னா வேற வேலை பாத்துக்கோ.”

வேகமாகச் சுற்றும் கிரைண்டிங் மிஷினில் அதை ஊற்றினால் ஸ்பிண்டில் என்கிற சுழல்தண்டு சூடேறி இறுகிவிடும். அது துளசிமணிக்குத் தெரியும். ஆனாலும் “சரிங்க சார்” என்றாள்.

மறுநாள் மிஷினுக்கெல்லாம் பொட்டு, மாலை. முதலாளி முன்னால் மேனேஜர் பட்டு வேட்டியோடு குத்துவிளக்கு ஏற்றினார். திரி கரும்புகை கக்கி அணைந்தது. தீப்பெட்டியில் பாதிக் குச்சி தீர்ந்தும் சுடர் நிற்கவில்லை.

“விளக்குல என்னத்தை ஊத்துன?”

“கியர் ஆயிலுங்க சார். எண்ணெய்னா எண்ணெய்தான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“அறிவிருக்கா? இவ்வளவு கெட்டி எண்ணெயைத் திரி எப்படி இழுக்கும்?”

“அதையேதானுங்க சார், அந்தக் கிரைண்டிங் மிஷினும் கேக்குது.”

முதலாளிதான் முதலில் சிரித்தார். அப்புறம் பட்டறையே அதிர்ந்தது. துளசிமணி தயாராக வைத்திருந்த வேறொரு விளக்கை நீட்டினாள். நல்லெண்ணெயில் சுடர் ஒரே குச்சியில் நின்றது.

மேனேஜர் குங்குமத்தை எடுத்து மூன்று டப்பாவுக்கும் பொட்டு வைக்கப் போனார்.

“கிரைண்டிங் மிஷின் டப்பாவுக்குக் கொஞ்சம் பெருசா வைங்க சார்,” என்றாள் துளசிமணி. “நேத்தெல்லாம் ரொம்பப் பயந்துபோய்க் கிடந்துச்சுங்க.”