தங்கப்பழம் அண்ணாச்சி கிட்டார் வாங்கிய கதை

தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ஒரு குரு உண்டு. பெயர் ஜெனிதா. அண்ணாச்சிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பது ஆக இன்னும் நாள் கிடக்கிறது. கல்யாண வரவேற்புகளிலும் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரம் போடுகிற நாலு கம்பிக் கிட்டார், வாசிக்கிறவள் அவள். காலை வேளையில் மொட்டை மாடியில் நாலைந்து பேருக்குச் சொல்லிக் கொடுப்பாள். அதில் நரைத்த தலை இவர் ஒருவர்தான்.

"இந்த வயசுல இது என்னத்துக்கு?" என்று கடைத்தெருவே கேட்டது. அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. குரு படியேறி வந்தால் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத்தான் அலுத்துப்போனது.

வாசிப்பு நன்றாகவே வந்தது. ஆனால் இத்தனை நாளும் அவளுடைய பழைய கிட்டாரில்தான் பழகினார். சொந்தமாக ஒன்று வாங்கவில்லை. எது நல்லது என்று முடிவுக்கு வர முடியவில்லை, அதுதான் காரணம்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர். கடைக்குப் பாத்திரம் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். கீறல் இருக்கிறதா, கனம் சரிதானா என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குச் சந்தையில் மரியாதை இருந்தது. அதே காதோடு கிட்டார் தேடக் கிளம்பியதில்தான் வந்தது வினை. போனில் இரவும் பகலும் வீடியோ பார்த்தார். ஒருவன் ஆகா ஓகோ என்ற கிட்டாரை இன்னொருவன் குப்பை என்றான். அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது.

"டீச்சர், எந்த பேஸ் நல்ல பேஸ்?"

"வாங்கப் போகும்போது சொல்லுதேன் அண்ணாச்சி."

எப்போது கேட்டாலும் இதுதான் பதில்.

அப்படியே இன்னும் சில வருஷம் ஓட்டியிருப்பார். அதற்குள் வெண்முத்து மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் திருப்பூரில் தொழில் தொடங்கப் போய்விட்டார். குழுத் தலைவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு ரிசப்ஷன் இருக்கு. வந்து வாசிங்க. சரியா அமைஞ்சா இடம் உங்களுக்குத்தான். ஆனா கிட்டாரும், அதுக்குச் சத்தம் குடுக்குற ஆம்ப்பும் சொந்தமாக் கொண்டாரணும். முடியலைன்னா சொல்லிருங்க, இன்னொரு ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்த வயதில் இன்னொரு குழு தன்னைத் தேடி வந்து கூப்பிடப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். தப்பான கிட்டாரை வாங்கிக்கொண்டு மேடையேறி, அதனாலேயே இடம் கைநழுவிப் போனால்? உடனே குருவுக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை காலை குருவும் சீடருமாக மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

மைதீன் பாயின் இசைக்கருவிக் கடை அன்று ஜே ஜே என்றிருந்தது. ஒரு மூலையில் யாரோ ஆர்மோனியத்தைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிவகாசியிலிருந்து வந்த ஒரு மாமனும் மச்சானும். மாமன் டிரம்ஸ் வாங்க வந்தவர், மச்சான் கீபோர்டு வாங்க வந்தவர்.

"நீங்க அடிக்கிற அடியில என் கீபோர்டு எனக்கே கேக்கல மாமா!"

"அதுக்குத்தானய்யா அடிக்கிறேன்."

பாய் மூன்று பேஸ் கிட்டார்களை இறக்கி வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று மர நிறம். அண்ணாச்சி சிவப்பைத் தூக்கினார். பழக்கதோஷம், முட்டியால் அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டிக் காதை வைத்தார்.

"அண்ணே, அது கிட்டாருண்ணே. தேங்கா இல்ல," என்றார் பாய் பதறிப்போய்.

ஜெனிதா காலி ஆம்ப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"டீச்சர், இப்பவாவது சொல்லுங்க. எது நல்லது?"

"முதல்ல நீங்க வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

ஆம்ப் இரண்டு இருந்தன. ஒன்று பீரோ உயரம், இன்னொன்று அரிசி டின் அளவு. அண்ணாச்சி பீரோவில் போய் மாட்டினார். அதில் வரிசையாகக் குமிழ்கள்: தாழ்ந்த சத்தத்துக்கு ஒன்று, நடுச் சத்தத்துக்கு ஒன்று, உச்சச் சத்தத்துக்கு ஒன்று. தாழ்ந்ததை முழுக்கத் திருகினார். உச்சத்தையும் முழுக்கத் திருகினார். நடுவைக் கூட்டினால் ஏதோ மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது. அதை அடியோடு அணைத்தார்.

பிறகு வாசித்தார்.

தரை அதிர்ந்தது. பாயின் டீ கிளாஸ் மேஜையில் நகர்ந்தது. சத்தம் தேனாகவும் இருந்தது, இடியாகவும் இருந்தது. ஆர்மோனியம் நின்றுவிட்டது. மாமனும் மச்சானும் சண்டையை நிறுத்தினார்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். ஆயுசில் அவரை அத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான் டீச்சர்! இதேதான்!"

"பேக் பண்ணிரலாமாண்ணே?" என்றார் பாய்.

ஜெனிதா கடலைத் தோலை ஊதினாள். "நல்லா இருக்கு அண்ணாச்சி." பிறகு மாமன் மச்சான் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் இவரோட கொஞ்சம் வாசிக்கிறீங்களா? சும்மா, ஒரு குத்துப்பாட்டு மாதிரி."

"கேக்கணுமா தங்கச்சி?" என்று மாமன் குச்சிகளைச் சுழற்றினார்.

டிரம்ஸ் எடுத்தது. கீபோர்டு சேர்ந்தது. அண்ணாச்சி கம்பியில் விரலை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் அழுத்தி வாசித்தார். கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது, அவ்வளவுதான். தேனையும் காணோம், இடியையும் காணோம்.

"கிட்டாரு சரியில்ல," என்று மர நிறத்தை எடுத்தார். அதுவும் டிரம்ஸுக்கு அடியில் எங்கேயோ அமிழ்ந்துபோனது. கறுப்பை எடுத்தார். அதுவும் அப்படியே. ஆம்ப்பை மாற்றிச் சின்னதில் மாட்டி, குமிழ்களைத் தன் இஷ்டப்படியே வைத்து வாசித்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"அண்ணே, வாசிக்கிறீங்களா இல்லையா?" என்று மச்சான் எட்டிப் பார்த்துக் கேட்டார். பாவம், கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை.

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. நாளைக்கு இந்நேரம் மேடை ஏற வேண்டும். குழுத் தலைவரும் எட்டிப் பார்த்து இதையே கேட்பார்.

"மூணுமே சரியில்ல டீச்சர். வேற கடை பாப்போமா?"

"அங்கயும் நீங்கதான வாசிப்பீங்க?"

ஜெனிதா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கிட்டாரைத் தொடவில்லை. சின்ன ஆம்ப்பின் முன்னால் குனிந்து, தாழ்ந்த சத்தத்தைக் குறைத்தாள். உச்சத்தையும் குறைத்தாள். அவர் அணைத்து வைத்திருந்த நடுக் குமிழைத் திருகி மேலே கொண்டுவந்தாள்.

"இப்ப வாசிங்க. தனியா."

வாசித்தார். அவர் முகம் கோணியது.

"என்ன டீச்சர், சளி பிடிச்ச ஆளு பேசுத மாதிரி இருக்கு."

"ஆமா."

"கொஞ்சங்கூட அழகா இல்லியே."

"இல்லதான்."

"பின்ன?"

"அண்ணன்மார் காத்துக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி. சேர்ந்து வாசிங்க."

குரு சொல்லிவிட்டாள். அண்ணாச்சி மனசே இல்லாமல் தலையை ஆட்டினார். மாமன் தாளத்தை எடுத்தார். அண்ணாச்சி முதல் சுரத்தை வைத்தார்.

மாமன் தலை நிமிராமலே கத்தினார்: "ஆங்! வந்துட்டீங்கண்ணே!"

வந்துதான் விட்டார். டிரம்ஸின் அடிக்கும் கீபோர்டின் பாட்டுக்கும் நடுவே அவருடைய நாலு கம்பியும் நடந்துபோவது அவருக்கே கேட்டது. மூக்கடைத்த அந்தக் குரல் அங்கே மூக்கடைத்ததாக இல்லை. மாமனின் கால் எங்கே விழுகிறதோ அங்கே இவர் விரல் விழுந்தது. மச்சான் புதிதாக ஒரு வளைவு வளைந்தார், இவர் கூடவே போனார். சண்டைக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மச்சானுக்குத் தன் கீபோர்டு அன்றுதான் ஒழுங்காகக் கேட்டது போல.

மேலே மாட்டியிருந்த கஞ்சிரா ஒன்றை மைதீன் பாய் எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு இடுப்பை அசைத்தார். டீ கொண்டுவந்தவர் தட்டோடு வாசலில் நின்று காலால் தாளம் போட்டார், டீ ஆறிக்கொண்டிருந்தது. மகளுக்கு வீணை பார்க்க வந்த ஒரு அம்மா, மகள் "அம்மா, சும்மா இரும்மா" என்று இழுக்க இழுக்க, தோளைக் குலுக்கி ஆடினார். அண்ணாச்சி எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிகிற மாதிரி வந்து முடியாமல் மறுபடி மறுபடி எடுத்தது.

ஒருவழியாக நின்றபோது எல்லோருக்கும் வேர்த்திருந்தது.

"எந்த ஊரு ட்ரூப்புண்ணே நீங்க?" என்றார் மாமன் மூச்சு வாங்க.

அண்ணாச்சி குருவைப் பார்த்தார். அவள் கடலைப் பொட்டலத்தின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"தூத்துக்குடி," என்றார் அண்ணாச்சி. "வெண்முத்து மெல்லிசைக் குழு."

"எதண்ணே பேக் பண்ண?" என்றார் பாய்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். கையில் இருந்தது கறுப்பு. கடைசியாக எடுத்தது, கீழே வைக்கவே இல்லை. "இதையே குடுங்க. அந்தச் சின்ன ஆம்ப்பும்."

"சிவப்ப இன்னொருக்கா பாக்கலியா?"

"என்னத்துக்கு?" என்றார் அண்ணாச்சி. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடையில் அவர் இப்படிக் கேட்டார்.

பாய் உள்ளே போய் உறை தேடினார். மாமன் தன் டிரம்ஸுக்குப் பேரம் பேசப் போனார். அண்ணாச்சி மெதுவாக வந்து குருவின் பக்கத்தில் நின்றார். முகமெல்லாம் சிரிப்புத்தான், ஆனால் அதற்குள் ஒரு சின்ன முள்ளும் இருந்தது. மறைக்கத் தெரியாத மனிதர், கேட்டுவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? முதல்ல தனியா வாசிச்சப்ப கடையே திரும்பி என்னையப் பாத்துச்சு."

"ஆமா, பாத்தாங்க."

"இப்ப இவ்வளவு நேரம் வாசிச்சேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலியே?"

ஜெனிதா மிச்சமிருந்த கடலையை அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

"எங்க பாக்க அண்ணாச்சி? எல்லாரும் ஆடிக்கிட்டுல்லா இருந்தாங்க."