ஞாயிறு இல்லாத நாள்

குன்றக்குடை என்று ஒரு மலைநாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், மேகம் மறைத்திருக்கும். அதன் அரசர் நெடுங்கோ மலையைக் குடைந்து தர்பார் மண்டபம் கட்டியவர். ஜன்னல் வைக்க மறந்துவிட்டார். ஆகவே பட்டப்பகலிலும் விளக்கு எரிந்தால்தான் அங்கே ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்.

பேரமைச்சர் மாவளத்தாருக்குத் தூய தமிழில் வெறி. சபையில் யாராவது 'சூரியன்' என்று சொல்லிவிட்டால் போதும், "ஞாயிறு என்று சொல்! போடு பத்துத் தோப்புக்கரணம்!" என்பார். அது அவரே இயற்றிய சட்டம். ('அமைச்சர்' என்ற சொல்லின் வடமொழிப் பூர்வீகத்தை அவரிடம் விசாரிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.)

மண்டபத்து எண்ணெய் விளக்குகள் அவர் பொறுப்பில் இருந்தன. வாய்த்துடுக்குக்குப் பேர்போன சபைப் புலவன் சேந்தன், மலையுச்சியில் சோலார் பலகைகளை மாட்டி மின்விளக்கு எரியவிட்டதும் எண்ணெய்க் குடங்கள் பரணுக்குப் போயின. மாவளத்தாரின் வயிறு எரிந்தது. அதற்கு மட்டும் எண்ணெய் தேவைப்படவில்லை.

மார்கழி வந்தது. மூடுபனியில் விளக்குகள் மங்கின. அரசர் மோர் என்று நினைத்து மைக்கூட்டை எடுத்துக் குடித்துவிட்டார்.

"சேந்தா, என்ன இது?" என்றார் கறுத்த நாக்கோடு.

"வானம் மூடினால் மின்சாரம் கால்வாசிதான் வரும், அரசே. கொஞ்ச நாள் சில விளக்குகளை அணைத்துவைத்தால் மற்றவை நன்றாக எரியும்."

"குளிரில் பலகை விறைத்துவிட்டது, மன்னா!" என்று துள்ளினார் மாவளத்தார். "மார்கழி முடிவதற்குள், ஞாயிறு இல்லாத ஒரு நாளில் இங்கே எல்லா விளக்கும் முழு ஒளியோடு எரியட்டும். இல்லையேல் இவன் நாட்டை விட்டுப் போகட்டும்!"

மை கசந்த கோபத்தில் அரசர், "அப்படியே ஆகட்டும்" என்றார்.

"ஞாயிறு இல்லாத நாள். பேச்சு மாற மாட்டீர்களே, ஐயா?" என்றான் சேந்தன்.

"என் சொல் மாறாது!"

நாட்கள் போயின. பனி விலகவில்லை. சேந்தனின் மனைவி மூட்டை கட்டவே தொடங்கிவிட்டாள். மார்கழிக் கடைசியில் ஒரு மழை கொட்டி, பலகைகளின் தூசியையெல்லாம் கழுவிவிட்டது. மறுநாள் வானம் பளிச்சென்றிருந்தது. குளிர் மட்டும் எல்லார் பல்லையும் தந்தியடிக்க வைத்தது.

சேந்தன் சபையைக் கூட்டச் சொல்லி, சுவிட்சைத் தட்டினான். மண்டபம் ஜொலித்தது.

"கோடையில்கூட இப்படி எரியவில்லையே!" என்றார் அரசர்.

"பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல அரசே. சூடேறினால் சோர்ந்துபோகும். குளிரில்தான் அதற்குச் சுறுசுறுப்பு. நமக்கு நேர்மாறு."

மாவளத்தார் கைகொட்டிச் சிரித்தார். "அது கிடக்கட்டும். ஞாயிறு இல்லாத நாளில் அல்லவா எரிய வேண்டும்?"

"ஆமாம் ஐயா. இன்று ஞாயிறு இல்லை. திங்கள்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏய்! நான் சொன்னது கிழமை அல்ல!"

"வேறு எது, ஐயா?"

"மேலே இருப்பது!"

சேந்தன் அண்ணாந்து பார்த்தான். "மேலே வௌவால்தான் தொங்குகிறது."

"வானத்தில், மடையா! வட்டமாக, மஞ்சளாக..."

"அப்பளமா?"

"சூரியனடா! சூரியன்!"

மாவளத்தார் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் கம்பளிச் சால்வையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போர்த்தினார். "நீ எங்கும் போக வேண்டாம், மூட்டையைப் பிரிக்கச் சொல்." பிறகு மாவளத்தார் பக்கம் திரும்பினார். "இரண்டு தடவை சொன்னீர். ஆக, இருபது."

"மன்னா, முழங்கால் வலி... நாளைக்குப் போடுகிறேனே?"

"நாளை செவ்வாய். அவ்வளவு தூரம் போவானேன்? இங்கேயே போடும்!"