எரியிற பொருள் பக்கத்தில் கூடாது

அரைமடைக்குறிச்சியில் அரியமுத்து என்று ஒருவன் இருந்தான். இருந்தான் என்பதைத் தவிர அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு வாய்த்த கூட்டாளிகள் வேம்பையனும் சீனிக்கண்ணும் அவனுக்கும் ஒரு படி கீழே. இந்த மூன்று பேரும் சேர்ந்து மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கித் தொழிலதிபர்கள் ஆகிவிட்டார்கள்.

அரியமுத்துவின் மாமன் வைரக்கண்ணுவுக்கு அப்போது வயல் முழுக்க இலைச்சுருட்டுப் புழு. மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. வேறு கதியில்லாமல் இவனிடம் வந்தார். "நாளைக்குக் காலையில மருந்தடிச்சு என் பயிரைக் காப்பாத்திக் குடு மாப்ளே. செண்பகத்தை உனக்கே கட்டித் தர்றேன்" என்றார். செண்பகம் அவர் மகள். அவளை நினைத்து அரியமுத்துவுக்கு ஏற்கெனவே தூக்கம் போயிருந்தது, இப்போது பசியும் போயிற்று.

ட்ரோன் பறக்க பேட்டரியில் சார்ஜ் வேண்டும். அதை விற்ற டவுன் கடைக்காரர் இவர்கள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சார்ஜரில் அமுக்க வேண்டியதையெல்லாம் தானே அமுக்கிச் சரிசெய்து கொடுத்திருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனுஷன். "லித்தியம் பேட்டரி, தீப்பிடிக்கும், ஜாக்கிரதை. சூட்டோட சார்ஜ் போடாதீங்க, ஆறவிட்டுப் போடுங்க. தனியா விட்டுட்டுப் போகாதீங்க. ஒரு வாளி மணல் வச்சுக்கோங்க. எரியிற பொருள் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஜில்லென்று இருந்தது. இதை எப்படி ஆறவிடுவது என்று அரியமுத்து கலங்கிப்போனான். ஆறவேண்டுமென்றால் முதலில் சுடவேண்டும் என்று வேம்பையன் கண்டுபிடித்தான். அந்த மண்டைக்குள் அன்றைக்கு அவ்வளவு வெளிச்சம். தகரக் கூரைமேல் வெயிலில் வைத்துச் சுடவைத்தார்கள், பிறகு முறை வைத்து விசிறி ஆறவைத்தார்கள். அதிலேயே மத்தியானம் ஓடிவிட்டது. அங்கே வயலில் புழு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மணல் அள்ள ஆற்றுக்குப் போனபோது பேட்டரியைத் தனியே விட மனசு வரவில்லை. அரியமுத்து அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனான். வழியில் பார்த்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. இவர்களிடம் கேட்டுப் பிரயோசனமில்லை என்று ஊருக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் பெரிய விவாதம் கிளம்பியது.

"எது எரியும், எது எரியாதுன்னு நமக்கு எப்படிடா தெரியும்?" என்றான் அரியமுத்து.

"கொளுத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றான் வேம்பையன்.

அரியமுத்து வீட்டில் சார்ஜ் போடவிருந்த அறையில் கிடந்த ஒவ்வொன்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். காலண்டர் எரிந்தது. கோரைப்பாய் எரிந்தது. கல்யாணத்துக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டி பொசுங்கியது. இதையா பக்கத்தில் வைத்திருந்தோம் என்று அரியமுத்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். ஆட்டுக்கல் மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றியும் எரியவில்லை. அதை உள்ளே உருட்டிக்கொண்டு வந்து, மேலே சார்ஜரை வைத்து சுவிட்சைப் போட்டார்கள். பேட்டரியில் வயரை மாட்டப் போகும்போது சீனிக்கண்ணு அரியமுத்துவின் கையைப் பிடித்தான்.

"பேட்டரி தீப்பிடிக்கும்னு கடைக்காரரே சொன்னாரே. அப்ப அதுவும் எரியிற பொருள்தானே? அது சார்ஜர் பக்கத்துல இருக்கலாமா?"

பேட்டரியை உடனே அடுத்த தெருவில் சீனிக்கண்ணுவின் அத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், அதற்குத் துணையாக மூன்று பேரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். இங்கே சார்ஜர், பேட்டரியைக் காணோமே என்று கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லை.

விடிந்தது. ட்ரோன் அசையவில்லை. பயிர் முழுக்க வெளுத்துப்போய் நின்றது. வைரக்கண்ணு கையில் கம்போடு வந்தார். வயிறு எரிந்துபோய் வந்த மனுஷன், வாயைத் திறக்குமுன் அரியமுத்து முந்திக்கொண்டான்.

"மாமா, நல்லவேளை வந்தீங்க. கல்யாணத்துல ஓமம் வளர்ப்பாங்க. பட்டு எரியும், நாங்க கொளுத்திப் பாத்துட்டோம். செண்பகம் பட்டுச்சேலையோட நெருப்புப் பக்கத்துல உட்காரவே கூடாது. அன்னைக்கு அவ வேற ஊர்ல இருக்கட்டும்."

மாமன் கம்பை இறக்கினார். பயிர் போன துக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"சரி மாப்ளே. அவளை வேற ஊர்லயே உட்கார வச்சிடறேன்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை அவர். ஆவணி முகூர்த்தத்தில் செண்பகத்தை வேற ஊரில், வேற மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதே நேரத்தில் இங்கே அரியமுத்து இடுப்பில் ஈரத்துண்டோடு ஓமத்துக்கு எதிரே உட்கார்ந்து, செண்பகம் இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, தாலியைக் காற்றில் நீட்டி மூன்று முடிச்சும் போட்டான். கூட்டாளிகள் அட்சதை தூவினார்கள்.

"ஒரு பொறிகூட அவ மேல படலைடா" என்று அரியமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.