செவலைக்கு வாங்கிய பால்

வெள்ளம் புகுந்த மூன்றாம் நாள், கிராம நிர்வாக அலுவலர் தெய்வசிகாமணி நிவாரணப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மடத்துச் சாமிக்கு முப்பத்திரண்டுதான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தெய்வசிகாமணி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“கால் முழுக்கச் சேறு. மொதல்ல கழுவிட்டு வந்து உக்காருங்க.”

கழுவ எங்கே நேரம்? பட்டியல் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாலுகா ஆபீசில் இருக்க வேண்டும். ஒரு பெயர்தான் பாக்கி: பால்காரி தையல்நாயகி. அவளுக்கு இருந்தது ஒரே பசு, செவலை. கட்டிய இடத்திலேயே மூழ்கிச் செத்துப்போனது என்கிறாள். நிவாரணம் வந்தால்தான் இன்னொரு மாடு வாங்க முடியும். மாடு இல்லாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

“செத்த மாட்டைப் போட்டோ எடுக்கணும் சாமி, அதுதான் ஆதாரம். நான் போறதுக்குள்ள இந்த அம்மா மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, தன்னோட சேலையைப் போர்த்திப் புதைச்சிட்டாங்க. ஏன் அவசரப்பட்டீங்கன்னு கேட்டா, ‘உன் போட்டோவுக்காக அவளை நாய் வாயில போட்டு வைக்கவா?’ன்னு என்னையே திட்டுறாங்க.”

“நியாயமாத்தானே திட்டியிருக்காங்க.”

“சிரிக்காதீங்க சாமி. போன வெள்ளத்துல ஒருத்தன் சந்தையில வித்த மாட்டைச் செத்துப்போச்சுன்னு சொல்லி நிவாரணம் வாங்கிட்டான். தலை குனிஞ்சு நின்னது நான். இவங்க சொல்றது நெசம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

சாமி எழுந்து மண்வெட்டியை எடுத்தார். “வாங்க, தோண்டிப் பார்த்துடுவோம்.”

தெய்வசிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் பின்னாலேயே நடந்தார்.

வாய்க்கால் மேட்டில் தென்னைக்குக் கீழே புது மண் குவிந்திருந்தது. தையல்நாயகி அங்கே குனிந்து நின்றாள். கையில் கடையில் வாங்கிய பால் பாக்கெட். இருபது வருஷமாக ஏழெட்டு வீட்டுக்குப் பால் ஊற்றியவள், ஒரு நாளும் காசு கொடுத்துப் பால் வாங்கியதில்லை. இறந்த மனிதர்களுக்கு மூன்றாம் நாள் பால் தெளிப்பது போலச் செவலைக்கும் தெளிக்க வந்திருக்கிறாள். பாவம், பாக்கெட்டை எங்கே கிழிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தாள்.

“தண்ணியாத்தான் இருக்கு, கோவிச்சுக்காதடி” என்று சொல்லிக்கொண்டே மண்ணில் ஊற்றினாள்.

நிமிர்ந்தபோதுதான் மண்வெட்டியைப் பார்த்தாள்.

“தோண்டவா வந்தீங்க? வேணாம் சாமி. பணம் வராட்டிப் போவட்டும். அவ நிம்மதியாக் கெடக்கட்டும்.”

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றினார். பிறகு ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, பட்டியலை மடியில் விரித்து, தையல்நாயகி பெயரை எழுதினார். ஆதாரம் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“பொய் எழுதக் கை வரல சாமி. மாட்டை நான் பார்க்கலியே.”

“மாட்டைப் பார்த்ததா எழுதாதீங்க” என்றார் சாமி. “இவங்களைப் பார்த்ததா எழுதுங்க.”